1800 சொல் படித்தேன், 200கூட நிற்கவில்லை: கோளாறு என்னிடமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், நிறுவனம் எதுவும் தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 26. தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர். பொறியியல் முடித்துவிட்டுச் சென்னையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறார். அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்குப் போக ஆசை. இன்னும் ஐந்து மாதத்தில் ஜிஆர்இ தேர்வு எழுதவிருக்கிறார். ‘90 நாளில் 3500 சொல், 160க்கு மேல் மதிப்பெண் உறுதி’ என்று விளம்பரம் செய்த ஓர் இணையப் பயிற்சிக்கு 18,000 ரூபாய் கட்டினார். வேலைக்கு நடுவே முடிந்தது தினம் 20 சொல். மஞ்சள் அட்டையின் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருள். இப்படி மூன்று மாதத்தில் 1800 அட்டைகள் எழுதி முடித்தார். மாதிரித் தேர்வில் மொழிப் பகுதியில் வந்தது 143 (மதிப்பெண் 130இலிருந்து 170வரை). பழைய அட்டைகளைப் புரட்டினால் பத்தில் ஒன்றுதான் நினைவிருக்கிறதாம்.

இதற்கிடையில் அலுவலகத்தில் ஒரு சம்பவம். குறித்த நேரத்தில் வேலையை முடிப்பதற்குத் தன் குழு பேர்போனது என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல நினைத்தவர், மின்னஞ்சலில் ‘நொட்டோரியஸ்’ என்று எழுதிவிட்டார். அட்டையில் ‘பேர்போன’ என்றுதான் இருந்தது. மேலாளர் அந்த வரியைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்ட, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து கூட்டங்களில் இவர் வாயே திறப்பதில்லை.

அவர் கேட்கும் கேள்விகள் இவை. எனக்கு ஞாபகசக்தி குறைவா? தமிழ்வழியில் படித்ததுதான் காரணமா? தமிழில் படிப்பதையும் யோசிப்பதையும் அடியோடு நிறுத்தச் சொல்கிறார்கள், நிறுத்தலாமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் உட்கார்ந்தால் 3500 சொல்லையும் முடிக்க முடியுமா? இன்னும் 25,000 ரூபாய் கட்டினால் ‘மேல்நிலை’ வகுப்பில் சேர்ப்பதாகப் பயிற்சி நிறுவனம் சொல்கிறது, கட்டலாமா?

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

அந்தச் சிரிப்பிலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தில் அதை இரண்டே வரியில் கடந்துவிட்டீர்கள். ஆனால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் அதுதான் கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தமிழில் ‘திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போனது’ என்போம். ‘அந்தத் தெரு சண்டைக்குப் பேர்போனது’ என்றும் சொல்வோம். நல்லதுக்கும் கெட்டதுக்கும் அதே சொல் பொருந்தும். ஆங்கிலத்தில் ‘நொட்டோரியஸ்’ கெட்ட பெயருக்கு மட்டும்தான். நல்ல பெயருக்கு ‘ரினவுன்ட்’ என்பார்கள். வெறுமனே ‘நோன் ஃபார்’ என்றாலே போதும். நீங்கள் அட்டையில் இருந்ததை அப்படியே நினைவில் வைத்து, அப்படியே எடுத்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஞாபகம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. பாதிதான் சொன்னது அந்த அட்டை. அதை எழுத வைத்த முறையில்தான் கோளாறு.

உங்கள் மேலாளர் செய்தது சரியில்லை. தனியாகக் கூப்பிட்டு ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஒரு சொல்லைத் தப்பாகப் போடாமல் யாரும் ஒரு மொழியைக் கற்றதில்லை. கல்லூரியில் இருபத்தைந்து வருடமாக ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். என் மாணவர்களில் துணிந்து சொல்லைப் போட்டுப் பார்த்துத் தப்பு செய்தவர்கள்தான் முன்னேறினார்கள். சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர்களுக்கு மூன்று வருடம் போனதே தெரியவில்லை.

ஞாபகசக்தி குறைவா?

இல்லை. மறப்பது மூளையின் இயல்பு. ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து, 1885இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில் மளமளவென்று மறக்கிறது, பிறகு மறதியின் வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. நீங்கள் திங்கட்கிழமை 20 சொல், செவ்வாய்க்கிழமை வேறு 20 சொல் என்று முன்னோக்கியே ஓடியிருக்கிறீர்கள். திங்கட்கிழமைச் சொற்களிடம் திரும்பிப் போகவே உங்களுக்கு நேரமில்லை. பொருளோடும் வாக்கியத்தோடும் ஒட்டாத சொல் கிட்டத்தட்ட எப்பிங்ஹவுஸின் அசை மாதிரிதான். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கையைக் குறை சொல்லக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் பட்டியல் அகரவரிசையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அகரவரிசை ஒரே சாயல் உள்ள சொற்களை அடுத்தடுத்து உட்கார வைத்துவிடும். கபடமற்ற வெள்ளை மனசுக்காரர் ‘இன்ஜென்யுவஸ்’. புத்திசாலித்தனமான உத்தியோ ‘இன்ஜீனியஸ்’. இப்படிப்பட்ட இரட்டைகளை ஒரே நாளில் படித்தால் இரண்டும் குழம்பும். ஒன்றை இன்றைக்கும், அது நன்றாகப் பதிந்தபிறகு மற்றதை அடுத்த மாதமும் படிப்பதுதான் வழி. ஒரே பொருளுள்ள புதிய சொற்களை ஒரே மூச்சில் படிப்பதிலும் இதே சிக்கல் வருவதைச் சொல்கற்றல் பற்றிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

‘நம் முன்னோர் நிகண்டுகளை அப்படியே மனப்பாடம் செய்யவில்லையா?’ என்று உங்கள் அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி. செய்தார்கள்தான். ஆனால் அந்தக்கால அகராதியான நிகண்டு செய்யுளில் இருந்தது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பொருள்வாரியாகத் தொகுக்கப்பட்டிருந்தது. திண்ணைப் பள்ளியில் தினமும் உரக்கச் சொல்லி, திரும்பத் திரும்ப ஒப்பித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதைப் படித்தவர்களுக்குத் தமிழ் ஏற்கெனவே பேசிப் பழகிய மொழி. தெரிந்த மொழியில் சொற்களை ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். புதிய மொழியின் வெறும் பட்டியலுக்கு அந்தச் சந்தமும் இல்லை, அந்தப் பழக்கமும் இல்லை.

தமிழை நிறுத்தச் சொன்னவர்களுக்கு

தயவுசெய்து அந்த ஆலோசனையைக் கேட்காதீர்கள். உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய கருவியைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள். உங்கள் அட்டைகளில் தமிழ் இருந்தது பிரச்சினையே இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரே சொல் என்று தமிழைச் சுருக்கியதுதான் பிரச்சினை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் ‘ஆப்ஸ்டினேட்’, ‘டெனேஷியஸ்’, ‘ரெஸல்யூட்’, ‘ரீகால்சிட்ரன்ட்’ நான்குக்கும் ‘பிடிவாதமான’ என்றே பொருள் போட்டிருக்கிறது. நாம் பேசும்போது அப்படியா பேசுகிறோம்? குழந்தை அடம் பிடிக்கும். தாத்தா பிடிவாதம் பிடிப்பார். கடனை வசூலிக்கிறவர் விடாப்பிடியாக நிற்பார். ‘வீடு கட்டாமல் ஊருக்கு வரமாட்டேன்’ என்று வைராக்கியமாக இருப்பவர் உண்டு. மாடு முரண்டு பண்ணும். இந்த வித்தியாசமெல்லாம் உங்கள் காதுக்குப் பிறவியிலிருந்தே தெரியும். ‘ஆப்ஸ்டினேட்’ பிடிவாதம், ‘டெனேஷியஸ்’ விடாப்பிடி, ‘ரெஸல்யூட்’ வைராக்கியம், ‘ரீகால்சிட்ரன்ட்’ முரண்டு. கடைசிச் சொல்லின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். குதிகாலுக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. பின்னங்காலால் உதைத்துத் தள்ளுவதுதான் அதன் மூலப்பொருள். நுகத்தில் பூட்டப்போகும்போது உதைக்கிற மாட்டைப் பார்த்திருக்கிறவர்களுக்கு அந்தச் சொல் எப்படி மறக்கும்?

பேச்சைப் பற்றிய சொற்களையும் இப்படி எடுத்துப் பாருங்கள். வளவள என்று பேசுகிறவர் ‘கேருலஸ்’. நறுக்கென்று பேசுவது ‘டெர்ஸ்’. வெடுக்கென்று பேசுவது ‘பிரஸ்க்’. மழுப்புவது ‘இவேசிவ்’. நாவன்மை உள்ளவர் ‘எலொக்வன்ட்’. எல்லாவற்றுக்கும் தமிழில் உயிருள்ள சொல் இருக்கிறது. நான் முன்பு சொன்ன குழப்பம் வராமலிருக்க ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்தச் சொற்களைத் தனித்தனி நாளில் சந்தியுங்கள். எல்லாம் ஓரளவு பழகிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைச் சேர்த்துவைத்து வித்தியாசம் பாருங்கள்.

தமிழிலிருந்தே கற்க வேண்டிய இன்னொரு விஷயம் சொற்களின் சேர்க்கை. பசி தீரும், வலி தணியும், கோபம் ஆறும். ‘கோபம் முடிந்தது’ என்று யாராவது சொன்னால் உங்கள் காதுக்கு உடனே நெருடும். ஆங்கிலச் சொற்களும் இப்படித் துணை பார்த்துத்தான் சேரும். ‘அலீவியேட்’ வலியோடும் வறுமையோடும் வரும். ‘மிட்டிகேட்’ ஆபத்தோடும் பாதிப்போடும் வரும். இரண்டுக்கும் ‘தணி’ என்று ஒரே பொருள் எழுதிவைத்தால் இந்த விஷயம் கண்ணில் படாமலே போய்விடும். ஆகவே அட்டையில் சொல்லை மட்டும் எழுதாமல் அதன் துணையையும் சேர்த்து எழுதுங்கள். கற்பவர்களுக்கான ஆங்கில அகராதிகள் இதற்காகவே இருக்கின்றன. 1987இல் வந்த கோபில்ட் அகராதி, பொருளையே முழு வாக்கியமாக எழுதும் முறையைக் கொண்டுவந்தது. அந்த வகை அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3500 என்ற எண்

இந்தத் தேர்வை நடத்தும் இடிஎஸ் அமைப்பு, ‘இந்தச் சொற்களைப் படியுங்கள்’ என்று அதிகாரபூர்வமான பட்டியல் எதையும் வெளியிடுவதில்லை. 3500 என்பது பயிற்சி நடத்துபவர்களின் எண். ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. எதிர்ச்சொல் கேள்விகளும் ஒப்புமைக் கேள்விகளும் இருந்தவரை தனிச்சொல் மனப்பாடம் மதிப்பெண் தந்தது. 2011 ஆகஸ்டில் அந்த இரண்டு வகைகளையும் எடுத்துவிட்டார்கள். 2023 செப்டம்பரில் தேர்வு இன்னும் சுருங்கியது. இப்போது மொழிப் பகுதியில் மொத்தம் 27 கேள்விகள், 41 நிமிடம். அதில் ஏறக்குறைய பாதி, பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. மீதி, வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புவது.

கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியிலும் சொல்லுக்கு முன்னால் வருவது வாக்கியத்தின் போக்கு. ‘ஊரே அவரைக் கஞ்சன் என்று சொன்னாலும், யாருக்கும் தெரியாமல் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த அவர் உண்மையில் ______’ என்று தமிழில் கொடுத்தால் கோடிட்ட இடத்தில் என்ன வரும் என்று நொடியில் சொல்வீர்கள். உங்களுக்கு வழிகாட்டியது ‘சொன்னாலும்’ என்பதில் உள்ள ‘உம்’. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்பவை ‘ஆல்தோ’, ‘டெஸ்பைட்’, ‘ஃபார் ஃப்ரம்’, ‘ஹார்ட்லி’ போன்ற சாதாரணச் சொற்கள். மாதிரித் தேர்வில் நீங்கள் தவறவிட்ட கேள்விகளை எடுத்து, எத்தனை இடத்தில் சொல் தெரியாமல் போனது, எத்தனை இடத்தில் வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பிடிபடாமல் போனது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது எண்ணிக்கை நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாக இருக்கும் என்பது என் அனுபவம்.

எண் வேண்டுமென்றால் நான் வேறோர் எண்ணைச் சொல்வேன். நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட், சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்விசார் எழுத்துகளை அலசி, 2000ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). கல்விசார் எழுத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை அவையே நிரப்புகின்றன. இவை அலங்காரச் சொற்கள் அல்ல. ஆனால் தேர்வின் பத்திகளிலும், நாளைக்கு நீங்கள் எழுதப்போகும் ஆய்வேட்டிலும் பக்கத்துக்குப் பக்கம் இவை வரும். அவற்றில் தெரியாதது எது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

வேர்ச்சொல் முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்லதுதான். ‘லொக்’ என்றால் பேச்சு என்று தெரிந்தால் ‘எலொக்வன்ட்’, ‘லொக்வேஷியஸ்’, ‘கொலொக்வியல்’ மூன்றும் ஒரே கொடியில் தொங்கும். ஆனால் படித்த சொல்லைக் கட்டிவைக்கத்தான் வேர் உதவும். தெரியாத சொல்லை ஊகிக்க அதை நம்பாதீர்கள். ‘நாய்சம்’ என்பதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை, துர்நாற்றம் அடிப்பதைச் சொல்வது அது.

வேலை, பணம், உரிமை

வேலையை விடாதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சொல் பதிவதற்கு இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதுதான் முக்கியம். ஒரு நாளில் பத்து மணி நேரம் உட்கார்ந்தாலும் அந்த இடைவெளியைச் சுருக்க முடியாது. காலையில் நாற்பது நிமிடம், பேருந்தில் இருபது நிமிடம், இரவில் அரைமணி வாசிப்பு போதும். சம்பளம் நின்றால் வரும் பதற்றம் படிப்பைத்தான் தின்னும்.

அதற்கும் முன்னால், நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் துறைகளின் சேர்க்கை விதிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். 2020க்குப் பிறகு பல துறைகள் ஜிஆர்இயைக் கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டன. சில மறுபடி கேட்கின்றன. உங்கள் பட்டியலில் பாதித் துறைகள் கேட்கவே இல்லை என்றால் உங்கள் பாரமும் பாதியாகும். பொறியியல் துறைகள் பொதுவாகக் கணிதப் பகுதியைத்தான் கூர்ந்து பார்க்கும். மொழிப் பகுதியில் 150ஐத் தாண்டுவது ஐந்து மாதத்தில் எட்டக்கூடிய இலக்கு. 160 உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அந்த 25,000 ரூபாயைக் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டிய 18,000 பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை; ஒரு நுகர்வோராக உங்களுக்கு என்ன வழி இருக்கிறது என்பது மட்டும் தெரியும். வெற்றிக்கு உத்தரவாதம் என்று பயிற்சி நிறுவனங்கள் பொய்யாக விளம்பரம் செய்யக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ‘160 உறுதி’ என்ற அந்த விளம்பரத்தின் படம், கட்டணம் கட்டிய ரசீது, உங்களுக்கு வந்த செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் பணத்தைத் திருப்பித் தரக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்வரையிலான விவகாரத்துக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். முழுத் தொகையும் திரும்புமா என்பது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளையும் பொறுத்தது. வகுப்புகளை நீங்கள் பயன்படுத்தியிருப்பதை அவர்கள் சொல்லிக்காட்டுவார்கள். இதில் எவ்வளவு நேரம் செலவழிப்பது என்பது உங்கள் முடிவு. மின்னஞ்சல் ஒன்றையாவது அனுப்புங்கள் என்பேன்.

ஐந்து மாதம்

1800 அட்டைகளையும் கிழித்துப் போடாதீர்கள். நினைவில் நிற்பவற்றைத் தனியாகக் கட்டி வையுங்கள். மீதியிலிருந்து தினம் ஆறே சொல் எடுங்கள். மாதம் 25 நாள், நான்கு மாதம். 600 சொல் கைக்கு வரும். ஐந்தாவது மாதம் புதிய சொல் எதுவும் வேண்டாம், பயிற்சித் தேர்வுகள் மட்டும்.

பழைய செருப்புப் பெட்டியில் ஐந்து தடுப்பு வையுங்கள். இது 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் பரப்பிய முறை. புதிய அட்டை முதல் தடுப்பில். அதைத் தினமும் பாருங்கள். பின்பக்கத்தைப் பார்க்காமல் பொருளும் துணையும் சொல்ல முடிந்தால் இரண்டாம் தடுப்புக்கு ஏற்றுங்கள். அதை மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அடுத்தது வாரம் ஒருமுறை, அதற்கடுத்தது இரண்டு வாரம், கடைசி மாதம் ஒருமுறை. எந்தத் தடுப்பில் தவறினாலும் அட்டை முதல் தடுப்புக்கே திரும்பும். கைப்பேசியில் இதைத் தானாகவே கணக்குப்போடும் இலவசச் செயலிகள் உண்டு. உங்களுக்குக் கையால் எழுதுவது பிடிக்கும் என்று தெரிகிறது, அதனால் பெட்டியே இருக்கட்டும்.

அட்டையின் பின்பக்கம் என்ன எழுதுவது? நெசவாளர் வீட்டிலிருந்து வந்த மாணவர் ஒருவர் எனக்கு இருந்தார். அவர் வீட்டில் முதல் பட்டதாரி. ‘மெட்டிக்குலஸ்’ என்ற சொல்லுக்கு அவர் அகராதிப் பொருளை எழுதவில்லை. ‘பாவில் ஓர் இழை அறுந்தால் அப்பா அதைத் தேடிப் பிடித்து முடிந்துவிட்டுத்தான் அடுத்த இழையைத் தொடுவார்’ என்று எழுதி, கீழே அதையே ஆங்கிலத்தில் ஒரு வரியாக எழுதியிருந்தார். பதினைந்து வருடம் கழித்து, ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, அந்த அட்டையை எனக்கு மனப்பாடமாகச் சொன்னார். உங்கள் அட்டைகளிலும் உங்கள் வீடு இருக்கட்டும், உங்கள் தெரு இருக்கட்டும், நீங்கள் கண்டுபிடித்த மென்பொருள் பிழைகளும் இருக்கட்டும்.

இரவு அரைமணி வாசிப்பு இந்த ஆறு சொல்லைவிட முக்கியம். தலையங்கம் மட்டும் போதாது. தேர்வின் பத்திகள் அறிவியல், சமூகவியல், கலை என்று பல துறைகளிலிருந்து வரும். உங்களுக்குப் பழக்கமான தொழில்நுட்பக் கட்டுரைகளில் ஆரம்பித்து மெல்ல உயிரியல், வரலாறு என்று நகருங்கள்.

அப்புறம் அலுவலகம். தேர்வுக்குப் படிக்கும் சொல் வேறு, மின்னஞ்சலில் போடும் சொல் வேறு. முதல் வகையைப் படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும். அது கண்ணுக்குத் தெரிந்த சொல். இரண்டாவது கைக்கு வந்த சொல். ஒரு சொல்லைப் பத்து இடத்திலாவது பிறர் எழுத்தில் பார்த்த பிறகுதான் உங்கள் மின்னஞ்சலுக்குள் விடுங்கள். அதுவரை எளிய சொல்லையே போடுங்கள். வாடிக்கையாளருக்கு வேண்டியது வேலை எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவல்தான். தேர்வில் கட்டுரை எழுதும்போதும் இதே வழிதான்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டு போங்கள். நேற்று நீங்கள் கண்ட பிழை ஒன்றைப் பற்றி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சொற்களில். கூட்டம் தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். காத்திருந்தால் தொண்டை இறுகும். அந்தப் பழைய மின்னஞ்சலுக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

இன்றைக்கு எழுதும் முதல் அட்டை ‘நொட்டோரியஸ்’ ஆகவே இருக்கட்டும். பழைய பொருளை அடித்துவிட்டு, ‘கெட்டதுக்குப் பேர்போன’ என்று எழுதுங்கள். அதன் கீழே, உங்கள் ஊருக்குப் போகும் வழியில் அடிக்கடி விபத்து நடக்கும் வளைவு ஒன்று இருக்குமே, அதைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து அந்த அட்டை எந்தத் தடுப்பில் இருக்கிறது என்று எனக்கு எழுதிச் சொல்லுங்கள்.